பித்தளைப் பட்டை

மாமனாரும் மாப்பிள்ளையும் பேசி மூன்று வருடம் ஆகிவிட்டது என்பது படகுத்துறையில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அந்த வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் ஒரே படகில் இருந்தார்கள். மாமனார் பின்னால் எஞ்சின் பக்கத்தில். மாப்பிள்ளை முன்னால், படகு மூக்கில் இருக்கிற விளக்குக்குக் கீழே. படகின் நீளம் இருபத்திரண்டு அடி. அதற்குள் எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், ஸ்டியரிங் பக்கத்தில், மகள் இருந்தாள். பாரம் இவ்வளவு சரியாக அமைந்து அந்தப் படகு ஆடாமல் நின்றதை இதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

வேலை இதுதான். படகில் ஒரு முன் விளக்கு, ஒரு பின் விளக்கு, ஒரு ஹாரன், அடியில் சேரும் தண்ணீரை இறைக்க ஒரு பம்ப், எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரி. தனித்தனியாகப் போட்டால் நான்கும் ஒழுங்காக வேலை செய்யும். இரண்டைச் சேர்த்துப் போட்டால் இரண்டும் சுணங்கும். மூன்றாவதைப் போட்டால் விளக்கு செத்துவிடும், ஹாரன் ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி கரகரக்கும், பம்ப் முனகிவிட்டு நின்றுவிடும்.

போன வருடம் வரைக்கும் இது யாருக்கும் தொந்தரவாக இல்லை. பழைய பரிசோதகர் ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுவார், ஒவ்வொன்றும் வேலை செய்யும், கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார். போன வாரம் வந்தது புதுப் பரிசோதகர். டீ குடிக்காதவர். "எல்லாத்தையும் சேர்த்துப் போடுங்க" என்றார். போட்டார்கள். கரகரத்தது. அடுத்த வியாழக்கிழமை நாலு மணிக்குத் திரும்பி வருவதாகவும், அப்போதும் இப்படியே இருந்தால் லைசென்ஸ் கிடையாது, படகைக் கரையில் ஏற்றிவிட வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

படகு கரை ஏறினால் துறையை ஒட்டிய தகர ஷெட்டும் போய்விடும். அது படகு ஓட்டுகிறவருக்குத்தான். மாமனார் இப்போது அங்கேதான் குடியிருக்கிறார். அதுவும் போனால் அவர் போக உலகத்தில் ஒரே ஒரு வீடுதான் இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு மாப்பிள்ளை.

மாமியார் இறந்தபிறகு மாமனார் அந்த வீட்டில் எட்டு மாதம் இருந்திருக்கிறார். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து எல்லாக் குழாயையும் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் மூடிவிடுவார். மீதி நேரத்தில் பெயிண்ட் அடிப்பார். கதவு, ஜன்னல் கம்பி, ஸ்டூல், வாளியின் கைப்பிடி, அம்மிக்கல்லின் ஓரம் என்று எட்டு மாதத்தில் அந்த வீட்டில் பச்சை ஆகாமல் தப்பித்தது கண்ணாடியும் மனிதர்களும்தான். மாப்பிள்ளை தொழிலால் எலக்ட்ரீஷியன். ஒரு நாள் வேலையிலிருந்து வந்து விளக்கைப் போடக் கையை வைத்தால் சுவிட்ச் அமுங்கவில்லை. காயட்டும், நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றார் மாமனார். அன்று இரவு இருட்டிலேயே சாப்பிட்டார்கள்.

ஆகவே பதினாலு வீட்டு வயரிங் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மாப்பிள்ளை லீவு போட்டு வந்திருந்தான். மாமனார்மேல் பாசம் என்று துறையில் சிலர் நினைத்தார்கள். அவனும் மறுக்கவில்லை.

"உங்கப்பாவைப் பம்ப் சுவிட்சைப் போடச் சொல்லு" என்றான் மனைவியிடம்.

"அப்பா, பம்பைப் போடு."

"எந்தப் பம்புன்னு கேளு."

"எந்தப் பம்புன்னு கேக்குறாருங்க."

"படகுல இருக்கிறதே ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான் இருக்காம்ப்பா."

"அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

பம்ப் ஓடியது. முன் விளக்கு மங்கியது.

"மங்குதுன்னு சொல்லு."

"மங்குதாம்ப்பா."

"மூணு வருஷமா மங்குது. இன்னைக்குத்தான் தெரிஞ்சுதாமா உன் வீட்டுக்காரருக்கு?"

இதை அவள் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கடத்துவதில்லை என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். ஆனால் இருபத்திரண்டு அடிப் படகில் சொல்லாமல் விட்டதும் போய்ச் சேர்ந்துவிடும்.

துறையின் படிக்கட்டில் சலூன்காரர் உட்கார்ந்திருந்தார். அவருடைய கடை அக்கரையில். படகு ஓடாத நாளில் பாலம் சுற்றித்தான் போக வேண்டும், இரண்டு மணி நேரம். காலையில் புறப்பட எழுந்தவர், மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே படகில் ஏறுவதைப் பார்த்துவிட்டு, கத்திப் பெட்டியைப் படியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். தலைமுடி ஒரு நாளில் ஒன்றும் பெரிதாக வளர்ந்துவிடாது என்பது அவர் கருத்து.

"என்ன எலக்ட்ரீசன், டெஸ்டர் எரியலையா?"

பழக்க தோஷத்தில் மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்திருந்தான். வீட்டுக் கரண்டுக்குத்தான் அது எரியும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்கு எரியாது. இது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் எடுத்ததுதான் எரிச்சல். பையில் திரும்பச் செருகிக்கொண்டு, "சும்மா வச்சுப் பாத்தேன்" என்றான்.

"நான்கூட சில பேர் தலையில கத்தரியைச் சும்மாதான் வச்சுப் பாக்குறேன். காசு வாங்கிக்கிறேன்ல" என்றார் சலூன்காரர்.

வெயில் ஏறியது. ஆற்றின்மேல் காற்றே இல்லை. படகின் தரையில் கால் வைத்தால் சுட்டது. மாப்பிள்ளை ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, திரும்பப் போட்டான். மங்கியது. சுவிட்சுகளை மாற்றினான். மங்கியது. பேட்டரியிலிருந்து சுவிட்சுக்கு வரும் சிவப்பு வயரையே உருவிவிட்டுப் புது வயர் இழுத்தான். முழங்கை இரண்டும் சிராய்த்து, முதுகில் மரச்சட்டம் குத்தி, ஒன்றரை மணி நேரம் ஆனது. புது வயரிலும் விளக்கு அதே மாதிரி, கொஞ்சம்கூடப் பாரபட்சம் இல்லாமல் மங்கியது.

அந்த வயரெல்லாம் அவன் போட்டதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால், மாமனார் அவர்களோடு இருந்த ஆறாவது மாதம், படகுக்கு முழுக்கப் புது வயரிங் செய்து கொடுத்தான். ஒரு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் மங்க ஆரம்பித்தது. ஒரு நாள் சனங்கள் நிறைந்த படகில் மாமனார், "வீட்டு வாசல்ல காலிங் பெல் மாட்டுற வேலை தெரிஞ்சவர்கிட்ட படகைக் குடுத்தது என் புத்திக்கோளாறு" என்றார். "என் வேலையில தப்பே கிடையாது, ஓட்டத் தெரியணும்" என்றான் மாப்பிள்ளை. அன்று சாயங்காலம் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து மகள் துணிக்கடை வேலை முடிந்து வந்ததும், சோற்றை டிபன் கேரியரில் அடைத்துக்கொண்டு இருபது நிமிடம் துறைக்கு நடக்கிறாள். இருபது நிமிடம் திரும்பி நடக்கிறாள். இதைப் பற்றி இரண்டு ஆண்களுமே எதுவும் கேட்டதில்லை. ஏனென்றால் கேட்டால் பேச வேண்டிவரும்.

ஒரு மணிக்கு அவள் கேரியரைப் பிரித்தாள். சோறு, வறுத்த மீன், வேகவைத்த முட்டை, நறுக்கிய வெங்காயம். மாமனாருக்கு மேல் தட்டு, மாப்பிள்ளைக்கு நடுத்தட்டு. சலூன்காரரும் படியிலிருந்தே கையை நீட்டி ஒரு முட்டை வாங்கிக்கொண்டார்.

"மீன்ல உப்பு கம்மின்னு சொல்லு" என்றார் மாமனார்.

"அப்பா, மீன் நான் வறுத்தது. என்கிட்டயே சொல்லலாம்."

"ஓ" என்றார். இரண்டு வாய் சாப்பிட்டார். "மணி என்னன்னு கேளு."

"அதையும் என்கிட்டயே கேக்கலாம். ஒண்ணேகால்."

"நாலு மணிக்குள்ள முடியுமான்னு கேளு. முடியாதுன்னா நான் பெட்டியைக் கட்டணும்."

மாப்பிள்ளைக்குப் புரையேறியது. "முடியும்னு சொல்லு" என்று இருமலுக்கு நடுவில் சொன்னான்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது மேற்கே மேகம் ஏறியது. வெயில் போய்ப் புழுக்கம் வந்தது. மாப்பிள்ளை சும்மா உட்கார்ந்து ஹாரனைப் பார்த்தான். எட்டு மணியிலிருந்து அவன் செய்தது எல்லாம் ஒன்றேதான். கரண்ட் போகிற வழியைப் பார்த்திருக்கிறான். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து விளக்கு. வீட்டு வேலையில் அவன் எப்போதும் அப்படித்தான். விளக்கிலிருந்து பேட்டரிக்குத் திரும்பி வருகிற வழியைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

மீட்டரை எடுத்தான். எல்லாவற்றையும் போடச் சொல்லிவிட்டு, ஹாரனின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தான். ஏழு வோல்ட். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடம். ஒரு நீள வயரை எடுத்து, மீட்டரின் கறுப்பு முனையை நேரே பேட்டரியின் மைனஸில் மாட்டினான். சிவப்பு முனை ஹாரனில் வைத்த இடத்திலேயே இருந்தது. பன்னிரண்டு.

"என்னங்க?" என்றாள் மனைவி.

"போறது ஒழுங்காப் போகுது. திரும்பி வர்ற வழியிலதான் எங்கயோ அடைப்பு."

அவன் ஸ்டியரிங் சீட்டுக்குக் கீழே இருந்த பலகையைக் கழற்றினான். படகின் எல்லாக் கறுப்பு வயர்களும் வந்து சேரும் பித்தளைப் பட்டை அங்கேதான் இருந்தது. ஒரு சாண் நீளம், எட்டு நட்டு. அதிலிருந்து ஒரு தடித்த வயர் பேட்டரிக்குப் போகும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவனே பளபளவென்று தேய்த்து வைத்த பட்டை. தலையை உள்ளே நுழைத்து டார்ச் அடித்தான்.

பட்டை பச்சையாக இருந்தது.

களிம்பு என்றுதான் முதலில் நினைத்தான். விரலால் தடவினான். வழவழவென்று இருந்தது. ஒரு சொட்டு வழியாமல், ஒரு தூரிகை மயிர் ஒட்டாமல், பட்டையின் முன்பக்கம், பின்பக்கம், ஓரம் எல்லாம் அழகாகப் பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தது. ஒரு நட்டைக் கழற்றினான். வயரின் வளையத்துக்கு அடியிலும் பச்சை. வளையத்துக்கு மேலும் பச்சை. சும்மா மேலோடு பூசியதாக இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது; அடியில் பெயிண்ட் இருந்தால் கரண்ட் ஒழுங்காகத் தாண்டாது. இது ஒழுங்கான ஆள் செய்த வேலை. ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, ஒவ்வொரு வயராக ஒதுக்கி, அடியில் பூசி, காயவிட்டு, இடம் மாறாமல் திரும்ப முடுக்கியிருக்கிறார். வருடத்துக்கு ஒரு தடவை, பரிசோதனைக்கு முன்னால், படகு சுத்தமாக இருக்க வேண்டும் என்று. நகத்தால் சுரண்டிப் பார்த்ததில் மூன்று பூச்சு தெரிந்தது.

மாப்பிள்ளை அந்த இருட்டுக்குள் தலையை வைத்தபடியே சிரித்தான். மூன்று வருடம்! இந்த மூன்று வருடத்தில் மனதுக்குள் நானூறு தடவை மாமனாரோடு வாதாடியிருக்கிறான். குளிக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, சுவரில் துளை போடும்போது. நானூறு தடவையும் அவன்தான் ஜெயித்தான். ஆனால் சாட்சி இருந்ததில்லை. இப்போது சாட்சி எட்டு நட்டோடு நேர் எதிரே இருந்தது. வெளியே சலூன்காரரும் இருக்கிறார். அவர் ஒருவர் கேட்டால் போதும், அக்கரையில் எத்தனை தலை உண்டோ அத்தனைக்கும் போய்விடும்.

மூச்சை இழுத்தான். சொல்ல வாயைத் திறந்தான். அப்போதுதான் சைக்கிள் ஞாபகம் வந்தது.

மாமனாரிடம் ஒரு நல்ல சைக்கிள் இருந்தது. முப்பது வருடம் ஓட்டினார். ஒரு நாள் திருப்பத்தில் வேலியில் போய் இடித்தார். யாருக்கும் அடி இல்லை. ஆனால் தப்பு தன்னுடையது என்று தெரிந்தது. அன்றைக்கே சைக்கிளை வழியில் போன ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு நடந்து வந்தார். சமையலும் அப்படித்தான். ஒரு தடவை சோற்றுக்கு இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டார், அதற்கப்புறம் அடுப்புப் பக்கம் போனதில்லை. மற்றவர் தப்பை அவர் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். தன் தப்பு என்று தெரிந்தால் அந்தத் தொழிலையே விட்டுவிடுவார்.

இந்தப் பட்டையைக் காட்டினால் இன்றைக்கே படகை விட்டு இறங்குவார். லைசென்ஸ் கிடைத்தாலும் இறங்குவார். இறங்கிப் பெட்டியோடு நேரே வருவார். நாலரை மணிக்குக் குழாய் திறக்கும். இருபத்துநாலு மணி நேரமும் அந்தக் கூடத்தில் இருப்பார்.

மாப்பிள்ளை இழுத்த மூச்சை மெல்ல விட்டான்.

பக்கத்தில் மனைவியின் முகம் வந்தது. டார்ச் வெளிச்சத்தில் பட்டையைப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. அந்த எட்டு மாதமும் அவளும் அந்த வீட்டில்தானே இருந்தாள்.

"உங்கப்பாகிட்ட சொல்லாதே" என்று கிசுகிசுத்தான்.

"நான் எதுக்குங்க சொல்லப்போறேன்" என்றாள். அவன் கழற்றிப் போட்ட பச்சை நட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். பையில் இருந்த புது நட்டு ஒன்றை அவனிடம் கொடுத்தாள்.

முக்கால் மணி நேரம் சுரண்டினான். உப்புத்தாளில் தேய்த்தான். பித்தளை மஞ்சளாக மின்னியது. வயரின் வளையங்களையும் மற்ற நட்டுகளையும் தேய்த்து, ஒவ்வொன்றாக முடுக்கினான். சட்டை முழுக்கப் பச்சைத் தூள். வெளியே மழை நாலு துளி போட்டுவிட்டு மனம் மாறிப் போய்விட்டது.

மூன்று மணிக்கு எல்லா சுவிட்சையும் அவனே போட்டான். முன் விளக்கு எரிந்தது. பின் விளக்கு எரிந்தது. பம்ப் சீராக ஓடி ஆற்றில் தண்ணீரைத் துப்பியது. ஹாரனை அழுத்தினான். படித்துறையில் தூங்க ஆரம்பித்திருந்த சலூன்காரர் பெட்டியிலிருந்து விழுந்தார். விளக்கு அசையவே இல்லை.

மாமனார் எழுந்து நின்றார். அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது. வந்ததை உடனே உள்ளே தள்ளிவிட்டு, "கோளாறு என்னன்னு கேளு" என்றார் மகளிடம்.

மகள் கேட்கவில்லை. "எனக்கு வாய் வலிக்குது. காலையிலிருந்து ரெண்டு பேருக்கும் தந்தி அடிச்சிட்டிருக்கேன். அவரு அங்கதானே நிக்கிறாரு, நேராக் கேளு" என்றாள்.

மாமனார் ஆற்றைப் பார்த்தார். மாப்பிள்ளை சட்டையிலிருந்து தூளைத் தட்டினான்.

"மாமா" என்றான். மூன்று வருடத்துக்குப் பிறகு வருகிற சொல், கொஞ்சம் துருப்பிடித்து வந்தது. "என் தப்புதான் மாமா."

"என்ன?"

"மைனஸ் பட்டையில நட்டைச் சரியா முடுக்காம விட்டுட்டேன். அன்னைக்கே. அதான் மங்கியிருக்கு."

மாமனார் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"அவருக்குக் கேக்கலை" என்றார் மாமனார், சலூன்காரரைக் காட்டி.

"எனக்குக் கேட்டுச்சு" என்றார் சலூன்காரர்.

"இல்ல, உங்களுக்கு ஒழுங்காக் கேக்கலை. மாப்ள, இன்னொரு தடவை சொல்லுங்க."

மாப்பிள்ளை சொன்னான். எத்தனை நட்டு என்று கேட்டார். எட்டும் என்றான். எட்டையுமா என்று கேட்டார். எட்டையும்தான் என்றான். மாமனார் தலையை ஆட்டிக்கொண்டு, "வயசு அப்படி. அவசரம்" என்றார். முகம் இப்போது வெளிப்படையாகவே மலர்ந்திருந்தது. மன்னிக்கும்போது அவர் மிகவும் அழகாக இருந்தார்.

பரிசோதகர் சொன்னபடி நாலு மணிக்கு வந்தார். எல்லாவற்றையும் சேர்த்துப் போடச் சொன்னார். ஐந்து நிமிடம் நின்று பார்த்தார். ஹாரனை இரண்டு முறை அவரே அடித்தார்.

"என்ன கோளாறு இருந்துச்சு?"

"நம்ம மாப்பிள்ளை சின்னதா ஒரு தப்பு பண்ணிட்டாரு. அவரே ஒத்துக்கிட்டு அவரே சரி பண்ணிட்டாரு. பெரிய மனசு" என்றார் மாமனார்.

பரிசோதகர் சீட்டுக்கு அடியில் குனிந்து புதிதாகச் சுரண்டிய பட்டையைப் பார்த்தார். நிமிர்ந்து மாப்பிள்ளையின் சட்டையைப் பார்த்தார். முடியில் ஒட்டியிருந்த பச்சையைப் பார்த்தார். "இதுமேல பெயிண்ட் இருந்துச்சா?"

"இல்ல சார்" என்றான் மாப்பிள்ளை.

"பட்டைமேல யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா சார்?" என்று சிரித்தார் சலூன்காரர்.

மாமனார் சிரிக்கவில்லை. ஏன் அடிக்கக்கூடாது என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் இன்றைக்கு ஜெயித்த நாள், சின்ன விஷயங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் மனநிலையில் அவர் இல்லை.

பரிசோதகர் கையெழுத்துப் போட்டார். வழக்கமான ஒரு வருடத்துக்கு இல்லை, இரண்டு வருடத்துக்கு. டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை படகின் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிட்டான். இரண்டு வருடம். ஒரு பொய்க்கு இரண்டு வருட நிம்மதி. நல்ல பேரம்தான். மூன்று வருடமாகக் காப்பாற்றிய மானம் போய்விட்டது, இருந்தாலும் கூடம் மிஞ்சியது.

மாமனார் படகின் நீளம் முழுவதும் நடந்து முன்னால் வந்தார். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"மாப்ள" என்றார். "இந்த மூணு வருஷமா நான் என்ன கேட்டேன்? ஒரு வார்த்தை. தப்புன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்லாத மனுசன் வீட்டுல எப்படிச் சோறு திங்கிறதுன்னுதான் அந்தத் தகரத்துக்குள்ள எலியோட படுத்துக் கிடந்தேன். படகு போனா எங்க போறதுன்னு ராத்திரியெல்லாம் யோசனை. உங்க வீட்டுக்கு வந்துதான் ஆகணும், மனசோ வர மாட்டேங்குது."

"மாமா..."

"இருங்க. இன்னைக்கு நாலு பேர் முன்னாடி சொன்னீங்க பாருங்க. அதோட போச்சு எல்லாம். எனக்கு இனிமே ஒரு வருத்தமும் இல்ல. பகல்ல படகு, பொழுது சாய்ஞ்சா வீடு. இன்னைக்கே வந்துடுறேன்."

மாப்பிள்ளை வாயைத் திறந்தான். உண்மை நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. அங்கேயே நின்று கணக்குப் போட்டது. சொன்னால் மாமனார் படகை விட்டு இறங்கிவிடுவார், வீட்டில் இருபத்துநாலு மணி நேரம். சொல்லாவிட்டால் பன்னிரண்டு.

மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் பின்னால், அப்பா காலையிலிருந்து உட்கார்ந்திருந்த இடத்தில், எஞ்சினில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கையைப் படகுக்கு வெளியே நீட்டி விரல்களை விரித்தாள். பச்சையாக ஏதோ ஒன்று தண்ணீரில் 'க்ளுக்' என்று விழுந்தது. மீன் துள்ளியது போலத்தான் இருந்தது. மாமனார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பெட்டி கனமா இருக்கும்" என்றாள் அவள் புருஷனிடம். "அப்பாவைத் தூக்க விடாதீங்க."

மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு எழுந்து ஷெட்டைப் பார்த்து நடந்தான்.